கண் ஆஸ்பத்திரிக்கு எத்தனை ஸ்டார்? ரிவ்யூவைப் பிரித்துப் படிக்கும் முறை

அப்பாவுக்குப் புரை முற்றிவிட்டது. கோவைக்குக் கூட்டிப் போவதா, ஈரோட்டிலேயே முடிப்பதா என்று கூகுள் மேப்பைத் திறக்கிறீர்கள். ஓர் ஆஸ்பத்திரிக்கு 4.9, இன்னொன்றுக்கு 4.4. உடனே 4.9க்கு டோக்கன் போட்டுவிடாதீர்கள்.

முதலில் எத்தனை பேர் போட்ட ஸ்டார் என்று பாருங்கள். எட்டே பேர் ஐந்து ஸ்டார் கொடுத்த இடத்தில் ஒன்பதாவது ஆள் கோபத்தில் ஒன்று தட்டினால் சராசரி 4.6க்கு இறங்கிவிடும். 600 பேர் சேர்ந்து 4.4 வாங்கிய இடத்தில் அதே ஒரு ஸ்டார் விழுந்தால் எண் அசையாது. அடுத்து, வரிசையைக் 'குறைந்த மதிப்பீடு' என்று மாற்றி, ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் ரிவ்யூக்களில் இருபதையாவது படியுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

"காலைல ஒம்பது மணிக்குப் போனதுங்க, வெளிய வர்றப்ப மணி ரெண்டு" என்ற வகைப் புகார் நிறைய வரும். இதில் ஒரு பங்கு சொட்டு மருந்தின் கணக்கு. கண் பாப்பா விரிய மருந்து விட்டால் 20 முதல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். விரியாவிட்டால் மறுபடி விடுவார்கள். விழித்திரையைப் பார்க்க அது வேண்டும். அதன் பிறகு நான்கைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். இதை முன்கூட்டியே சொல்லாத இடத்தில் பைக்கில் தனியாக வந்தவர் கோபப்படத்தான் செய்வார். டாக்டரின் கைத்திறமைக்கும் இந்தக் கோபத்துக்கும் சம்பந்தமில்லை. பார்க்கிங், ரிசப்ஷனில் எரிந்து விழுந்தது எல்லாம் இதே கணக்குதான்.

கண்ணாடிப் புகாரையும் தனியே வையுங்கள். பவர் சரியில்லை என்றால் தப்பு ஆப்டிகல் கடையில் இருக்கலாம். சர்க்கரை ஏறியிருந்த நாளில் பவர் பார்த்திருந்தாலும், சர்க்கரை இறங்கியதும் அந்தக் கண்ணாடி ஒத்துக்கொள்ளாது.

நோயின் இயல்பே ஸ்டாரைக் குறைப்பதும் உண்டு. புரை எடுத்தவருக்கு மறுநாளே உலகம் பளிச்சென்று தெரியும், ஐந்து ஸ்டார் விழும். கண் நீர் அழுத்த நோய்க்கு வருஷக்கணக்கில் மருந்து விட்டாலும் போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பதுதான் வைத்தியம். அந்த நோயாளி மூன்று ஸ்டார் போட்டால் ஆச்சரியமில்லை. ஆகவே உங்களுக்கு என்ன நோயோ அந்த நோய்க்காரர்கள் எழுதியதை மட்டும் தேடிப் படியுங்கள். தேடும்போது 'புரை', 'கேட்டராக்ட்' இரண்டையும் போட்டுப் பாருங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தவர்களும் இருப்பார்கள்.

"ஒரே வருஷத்துல மறுபடி புரை வந்திருச்சு" என்பதை நம்பாதீர்கள். எடுத்த புரை திரும்ப வராது. புரை எடுத்து வைத்த லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்குவது அது. யாக் லேசரில் சில நிமிட வேலை, படுக்கை வேண்டாம்.

லென்ஸ் பற்றிய ரிவ்யூவை எழுதியவரின் தொழிலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தூரம், கிட்டம் இரண்டுக்குமான மல்டிஃபோகல் லென்ஸ் வைத்துக்கொண்ட சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். நாமக்கல் லாரி டிரைவருக்கு அது பெரிய தொல்லை. திருப்பூரில் பனியன் செக்கிங் பார்ப்பவருக்குக் கிட்டத்தில் கண்ணாடியில்லாமல் தெரிவதே லாபம். ஒரே தூரத்துக்கான சாதாரண மோனோஃபோகல் லென்ஸைத் தூரப் பார்வைக்கு வைத்தால் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். இது தெரியாமல் "ஆபரேஷன் பண்ணியும் கண்ணாடி" என்று ஒரு ஸ்டார் போடுகிறார்கள்.

அப்படியானால் எதற்குப் பயப்படுவது? "ஆபரேஷன் ஆன மூணாம் நாள் வலி, செவப்பு, பார்வை மங்கிருச்சு, போன் பண்ணா யாரும் எடுக்கல" என்று ஒருவர் எழுதியிருந்தால் நிறுத்திப் படியுங்கள். கண்ணுக்குள் கிருமித் தொற்றின் அறிகுறியாக அது இருக்கலாம். மணிக்கணக்கில் தாமதமானாலே பார்வை போகலாம். தொற்று அரிதாக எந்த நல்ல ஆஸ்பத்திரியிலும் வரலாம், போன் எடுக்காததற்குச் சமாதானம் கிடையாது. பேசிய பேக்கேஜ் ஒன்று, பில் ஒன்று என்று பலர் தனித்தனியாகச் சொன்னாலும் அப்படியே. மற்றபடி ஒருவர் சொல்வதை வைத்து முடிவு கட்டாதீர்கள். நோயாளியின் விவரத்தைப் பொதுவில் சொல்லக்கூடாது என்பதால் ஆஸ்பத்திரி முழுப் பதில் எழுத முடியாது.

பாராட்டிலும் தேதியைப் பாருங்கள். ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வாக்கியத்தில் ஐந்து ஸ்டார் குவிந்தால் பில் கவுண்டரில் ரிவ்யூ போடச் சொல்லி க்யூஆர் அட்டையை நீட்டியிருப்பார்கள், அல்லது அதைவிட மோசம். அந்த ஸ்டார் கட்டடத்துக்கா டாக்டருக்கா என்பதும் முக்கியம். பெயர் வாங்கிய டாக்டர் வேறு ஊருக்குப் போயிருப்பார், ஸ்டார் அங்கேயே இருக்கும். ஆபரேஷன் செய்யப்போவது யார் என்று போனில் கேட்டு, அவருடைய பதிவு எண்ணை மருத்துவ கவுன்சில் தளத்தில் பாருங்கள். கண் மருத்துவப் பிரிவில் வாங்கிய எம்.எஸ்., டி.என்.பி., டி.ஓ. ஆகியவை கண் மருத்துவரின் படிப்புகள். பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் வேறு.

நீங்கள் எழுதுவதானால் கட்டுப் பிரித்த அன்றைக்கு எழுத வேண்டாம். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, பவர் நிலைத்துக் கண்ணாடி வாங்கியபின் எழுதுங்கள். எந்த மாதம், என்ன லென்ஸ், பேக்கேஜ் எவ்வளவு, மறுநாள் செக்கப்புக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்ற நாலு வரி போதும்.