குண்டலகேசியின் ஒரு விருத்தத்தைப் பயிலும் முறை

யாங்கோனில் பள்ளிப் பாடங்களைப் பர்மிய மொழியில் படித்துவிட்டு, விடுமுறை நாளில் கோயில் வகுப்பில் தமிழ் கற்கும் பிள்ளைகளுக்கு மனித வாழ்வின் பருவங்களைப் பற்றிய பழம்பாடல் ஒன்றைக் கற்பிக்க வேண்டுமானால், நான் முதலில் எடுப்பது இதைத்தான்:

பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்
காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும்
மீளும்இவ் வியல்பும் இன்னே மேல்வரு மூப்பும் ஆகி
நாளும்நாள் சாகின் றாமால் நமக்குநாம் அழாத தென்னோ

உரையைத் திறப்பதற்கு முன் இதை மூன்று முறையாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும். அடிக்கு ஆறு சீர். மூன்றாம் சீரில் சற்று நின்று மேலே செல்ல வேண்டும். அப்படிப் படித்தால், முதல் இரண்டு அடிகளில் நிற்கும் இடமெல்லாம் ‘செத்தும்’ என்ற சொல்லே வருவதைக் காது தானாகக் கண்டுகொள்ளும். பாளை, காளை, மீளும், நாளும் என்ற எதுகைச் சொற்களைத் தனியே எழுதி வைத்துக்கொண்டால் மனப்பாடம் எளிது.

அடுத்து ‘பாளை’. தென்னையைத் தெரிந்த பிள்ளைகளுக்கும் இச்சொல் புதிதாக இருக்கலாம். ஆகையால் விரியாத பாளை ஒன்றைக் கொண்டுவந்து கீறிக் காட்டுங்கள். உறைக்குள் வெளிர்மஞ்சள் பூங்கொத்து நெருக்கமாக அடங்கியிருக்கும். அது விரிந்து குரும்பை பிடிக்கும்போது, அதுவரை பொதிந்து காத்த உறை காய்ந்துவிடுகிறது. மரம் வாழ்கிறது, பாளை செத்துவிட்டது. குழந்தை ‘வளர்ந்தது’ என்று நாம் சொல்லுமிடத்தில் புலவர் ‘செத்தும்’ என்று ஏன் சொன்னார் என்பது இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு விளங்கிவிடும். ‘வாழ்க்கை நிலையில்லாதது’ என்று ஒரே வரியில் பொருள் சொல்லி நகர்ந்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பாட்டின் உயிரே அந்த வினையில்தான் இருக்கிறது.

மூன்றாம் அடியில் நிதானம் தேவை. நான்கு பருவங்கள் செத்தாயிற்று. மூப்போ இனிமேல் வரப்போவது. அப்படியானால் பேசுகிறவர் எந்த வயதில் நின்று பேசுகிறார் என்று மாணவரையே கேளுங்கள். ‘இவ்வியல்பு’ என்பது அவர் இப்போது நிற்கும் நிலை. ‘இன்னே’ என்பதற்கு இவ்வாறே என்று பொருள். கடைசி அடியில் ‘ஆல்’ அசைச்சொல். ‘சாகின்றாம்’ நிகழ்காலத் தன்மைப் பன்மை; சாவு இங்கே ஒருநாள் வரப்போவதாக இல்லை, நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. பிறர் இறந்தால் அழுகிற நாம், நமக்காக அழாதது ஏன் என்பதே கேள்வி.

நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான இப்பௌத்த நூலை இயற்றியவர் நாதகுத்தனார். நமக்குக் கிடைத்தவை 19 பாடல்களே. குண்டலகேசி தேரியின் (தேரி என்றால் மூத்த பௌத்தப் பெண்துறவி) கதை, பாலி மொழியில் தம்மபதம் என்னும் பௌத்த நூலின் உரையிலும் வருகிறது. ஆகவே, பக்கத்து வீட்டுப் பர்மியப் பெரியவரிடமோ விகாரையிலுள்ள பிக்குவிடமோ அக்கதையைக் கேட்டு வரும்படி பிள்ளைகளை அனுப்புங்கள். கேட்டு வந்த கதையைத் தமிழில் சொல்ல வைத்தபின், புத்தகத்தை மூடிவிட்டுப் பாட்டை முழுவதும் ஒப்பிக்கச் சொல்லுங்கள்.