அயர்ன் பாக்ஸ்லயே டிசைன் ஒட்டலாம்

ஹீட் டிரான்ஸ்ஃபர் வினைல, அதாவது சூடு பட்டா ஒட்டிக்கற மெல்லிசான பிளாஸ்டிக் தாள வெட்டும்போது டிசைன மிரர் பண்ண, அதாவது இடவலமா திருப்பிப் போட மறந்துடாதீங்க, நான் மொதல் தடவ மறந்து தம்பி பேர கண்ணாடில பாத்துதான் படிக்கணும்ங்கற மாதிரி ஆயிடுச்சு. காட்டன் டீஷர்ட்னா ஈரம் போக லேசா தேய்ச்சுட்டு, ஸ்டீம ஆஃப் பண்ணி, 150 டிகிரி வாக்குல 15 செகண்ட் அப்படியே அழுத்துங்க, இழுத்து தேய்க்காதீங்க. ஒரு நாள் கழிச்சுதான் துவைக்கணும்.

மரப்பலகைய உப்புத்தாள் போட்டு தூசி தொடைங்க, சூடு கொஞ்சம் கம்மி.

மெட்டல்தான் படுத்தும்! எண்ணெப் பிசுக்க ஸ்பிரிட்ல தொடச்சு நல்லா காயவிட்டு, மேல பட்டர் பேப்பர் வச்சு அழுத்துங்க, தகடு சட்டுனு கொதிக்கும் வெறுங்கையால தொடாதீங்க, முழுசா ஆறினப்புறம் வினைல் மேல இருக்கற ஷீட்ட ஓரத்துலேர்ந்து மெதுவா உரிங்க, எழுத்து கூடவே கெளம்பி வந்துச்சுன்னா திரும்ப மூடி இன்னொரு அழுத்து.