பழவேற்காட்டில் பூநாரை பார்க்க ஒரு நாள்: வடசென்னையிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கப் பழவேற்காடு ஏரிக்குப் போய்விட்டு "ஒரு பறவைகூட இல்லை" என்று திரும்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அவர்கள் போன மாதமோ நேரமோ தப்பாக இருக்கும். நின்ற கரை தப்பாக இருக்கும். இந்த மூன்றையும் சரிசெய்தால் படகே இல்லாமல், கரையில் நின்றே நன்றாகப் பார்க்கலாம்.

1. மாதம்

அக்டோபரில் வலசை தொடங்கிவிடும். ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியைத் தேர்ந்தெடுங்கள். பூநாரை நீந்தி இரை தேடுவதைவிட நின்று தேடுவதுதான் அதிகம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் தலைகீழாக வைத்து வடிகட்டித் தின்னும். அதற்கு ஆழம் அதன் காலுக்குள் அடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டி ஏரி நிரம்பியிருக்கும்போது பறவைகள் ஆழம் குறைந்த வேறு பகுதிகளுக்குப் போய்விடும். மழை நின்று தண்ணீர் இறங்க இறங்கத் திரும்பும். நல்ல மழை பெய்த மறுவாரம் போவது வீண்.

2. பயணம்

திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் ஆட்கள் கும்மிடிப்பூண்டி மார்க்கமாகப் போகும் அதிகாலை மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பழவேற்காடு சுமார் 20 கி.மீ.; பேருந்து உண்டு. இறங்கியதும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். பைக்கில் என்றால் மணலி, மீஞ்சூர் வழி. கன்டெய்னர் லாரி நெரிசல் தொடங்கும் முன், விடியும்போதே மீஞ்சூரைத் தாண்டிவிட வேண்டும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, கயிறு கட்டும் பழைய கேன்வாஸ் ஷூ. செருப்பு வேண்டாம்: சேறு அதைப் பிடுங்கிக்கொள்ளும், அடியில் கிடக்கும் சிப்பி ஓடு காலைக் கிழிக்கும்.

3. பைனாகுலரைச் சரிசெய்தல்

8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) போதும். 12 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும். முதலில் இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, தெரிவது ஒரே வட்டமாக வரும்வரை பாருங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் தூரத்தில் ஒரு கம்பத்தைப் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, அதே கம்பத்தை வலது கண்ணுக்கான வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். இனி அந்த வளையத்தைத் தொட வேண்டாம். நடுச்சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி அணிபவர்கள் கண் வைக்கும் ரப்பரை உள்ளே இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சுற்றிலும் கறுப்பாகத் தெரியும்.

4. எந்தக் கரை?

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காலையில் பாலத்தைத் தாண்டிக் கலங்கரை விளக்கக் குப்பத்துப் பக்கம் போய் மேற்கே பாருங்கள். மாலையில் ஊர்க்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். மாற்றி நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பத்து மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும். எவ்வளவு விலை உயர்ந்த பைனாகுலரிலும் உருவம் நெளியும்.

தூரத்தில் வெள்ளைக் கோடுபோல் நிற்பது கொக்குக் கூட்டமா, பூநாரையா? பூநாரையின் அலகு பாதியில் கீழே வளைந்து, நுனி கறுப்பாக இருக்கும். நிற்கும்போது வெளிறித்தான் தெரியும். சிறகை விரிக்கும்போதுதான் உள்ளேயிருக்கும் சிவப்பும், ஓரத்துக் கறுப்பும் தெரியும். சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம்பறவைகள். அந்தச் சிவப்பு தின்னும் இரையிலிருந்து வருவது, ஏறச் சில ஆண்டுகள் ஆகும். பின்பக்கம் ரோஜா நிறமாக இருந்தும் அலகு நீண்டு மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் மூக்கு நாரை.

குனிந்து மேயும் தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்கள், அல்லது நாலடி பின்வாங்குங்கள். பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டிக் கிளப்புவது கொடுமை. இந்தப் பறவை தண்ணீரில் ஓடி ஓடித்தான் மேலே எழ முடியும். ஒவ்வொரு முறையும் தின்ற இரையின் தெம்பு வீணாகிறது. இது பறவைகள் சரணாலயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

5. படகு வேண்டாம்

யாராவது வந்து "ஒரு ரவுண்டு போலாமா?" என்று கூப்பிடலாம். ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முகத்துவாரத்தில் குளிக்கவும் கூடாது. முழங்கால் தண்ணீர் என்று நடந்தால் அடுத்த அடியில் பள்ளம் இருக்கும். கடல் வற்றும்போது ஏரித் தண்ணீர் முழுக்க அந்தக் குறுகிய வழியாகவே வெளியே இழுக்கும்.

6. வெயில் நேரம்

மதியம் ஊருக்குள் நிழலில் இருங்கள். பனை ஓலைக் கூடைகள் வாங்கலாம். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையைத் தேடி அலைய வேண்டாம், மிச்சம் பெரும்பாலும் புதர்தான். டச்சுக் கல்லறைக்கு நாலு மணிக்கு மேல் போங்கள். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளையும் படுக்கைக் கற்களில் உள்ள எழுத்துகளையும் சாய்ந்த வெயிலில்தான் தெளிவாகப் பார்க்க முடியும்.

7. நண்டு வாங்குவதாக இருந்தால்

வயிற்றுப் பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் வாங்கலாம். அமுங்கினால் அண்மையில் ஓடு மாற்றிய நண்டு. உள்ளே சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம். கொடுக்குக் கயிற்றை அவிழ்க்காமல் நனைத்த கோணியில் சுற்றி எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றிப் போட்டால் காற்றுத் தீர்ந்து, மீஞ்சூர் வருவதற்குள் செத்துவிடும்.