கோட்டாபயவையும் ட்ரம்பையும் ஒப்பிடும்போது விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் தேர்தல் கதை தொடங்கினால், "அமெரிக்காவுக்கு ட்ரம்ப், எங்களுக்குக் கோட்டாபய" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஒற்றுமை இல்லாமல் இல்லை. ஆனால் அவசரமாக ஒப்பிட்டால் எங்கள் பிரச்சினையே எங்களுக்குப் பிழையாக விளங்கும்.

வாக்குக் கணக்கைப் பார்க்காமல் விடுவதுதான் மிகப் பெரிய பிழை. 2016இல் ட்ரம்ப், ஹிலாரியைவிட ஏறத்தாழ 29 இலட்சம் வாக்குகள் குறைவாகப் பெற்றும், மாநில வாரியாகக் கணக்கிடும் தேர்வாளர் குழு முறையால் ஜனாதிபதியானார். கோட்டாபய 2019இல் 52.25 வீதம் எடுத்தார். யாழ். மாவட்டத்தில் 80 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகள் எதிர்த்துப் போட்டியிட்ட சஜித்துக்குப் போயும் அது கோட்டாபயவைத் தடுக்கவில்லை. சிங்கள மக்களின் வாக்குகளாலேயே வெல்லலாம் என்பது தனக்குத் தெரியும் என்று பதவியேற்பு விழாவில், அநுராதபுரத்து பௌத்த தூபியான ருவன்வெலிசாய முன்றலில் வைத்தே சொன்னார். அங்கே 2016இல் கைகொடுத்தது தேர்தல் முறை. இங்கே பெரும்பான்மை எண்ணிக்கையே. அதனால்தான் நாங்கள் அதிகாரப் பகிர்வைப் பற்றிக் கதைக்கிறோம். அதற்காக எங்கள் வாக்கு வீண் என்றும் முடிவுகட்டக் கூடாது. 2015இல் வடக்கு கிழக்கு வாக்குகள் இல்லாமல் மஹிந்தவை மைத்திரி வென்றிருக்க முடியாது.

அடுத்தது, கதையைத் தலைவரிலிருந்து தொடங்குவது. இனவாத அரசியல் இவர்களுக்கு முன்பே இருந்தது. 1956 தேர்தலுக்கு முன்பே பண்டாரநாயக்கவோடு போட்டி போட்டு ஐக்கிய தேசியக் கட்சியும் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற நிலைப்பாட்டுக்கு வந்துவிட்டது. 1957இல் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு, பிரதமராகிவிட்ட பண்டாரநாயக்க அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் செய்ததும், அதை எதிர்த்து ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பண்டாரநாயக்கவின் ரொஸ்மீட் பிளேஸ் வீட்டின் முன் வந்து உட்கார, அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். தானே கிளப்பிய கூட்டத்துக்குத் தானே பணிந்தார். அமெரிக்காவிலும் 1968இலேயே ஜோர்ஜ் வொலஸ் என்பவர் ஜனாதிபதித் தேர்தலில் நிறவெறி அரசியலோடு நின்று 5 மாநிலங்களை வென்றிருக்கிறார்.

பேச்சை வைத்து அளப்பதும் ஆபத்து. ட்ரம்ப் ஓயாமல் பேசுபவர். கோட்டாபய அதிகம் பேசாதவர். ஆனால் அவருடைய ஆட்சியில்தான், கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் குடும்பங்கள் கெஞ்சக் கெஞ்ச எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாளான குழந்தையும் அதில் அடக்கம்.

சரி, 2022இல் அவர் நாட்டைவிட்டு ஓடினாரே? அது இனவாதத்தின் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றோல், காஸ், பால்மா வரிசைகள்தான் தெற்கைத் தெருவுக்கு இறக்கின. ட்ரம்பும் 2020இல் தோற்றவர்தான். 2024இல் திரும்பி வந்தபோது, மொத்த வாக்கிலும் கமலா ஹரிஸை முந்தியிருந்தார்.