செகண்ட் ஹேண்ட் டூரிங் பைக்கில் மின் கோளாறா? அவசரத்தில் செய்துவிடக் கூடாத தவறுகள்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாங்கி மூன்று வாரமே ஆன என் டூரிங் பைக், அதில் ஏதோ ஒரு வளைவில் முதல்முறையாக அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. அப்புறம் நாலைந்து வளைவு தாண்டி மறுபடி அதே கதை. மேலிருந்து பஸ் இறங்கி வரும் வளைவில், லக்கேஜோடு சரிந்து நிற்கும் வண்டியைக் கால் ஊன்றிப் பிடித்தபடி நின்ற அந்தச் சில நொடிகளை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் மெக்கானிக் ஒருவர் "பெட்ரோல் சரியா வரலை" என்றார். ஃபியூயல் பம்ப் மாற்றினோம். அடுத்து பிளக், அதற்கடுத்து பேட்டரி. கோளாறு அப்படியே இருந்தது. கடைசியில் கண்டுபிடித்தது இதைத்தான்: முந்தைய உரிமையாளர் தன் உயரத்துக்கு ஏற்றபடி ஹேண்டில்பாருக்கு ரைசர் போட்டிருந்தார். ஹேண்டில் மேலே போனது, ஒயரின் நீளம் பழையபடியே இருந்தது. இடது பக்கம் முழுக்கத் திருப்பும்போது இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும் ஒயர்கட்டு விறைத்து இழுபட, உள்ளே ஒரு ஒயர் மேல்தோல் கிழியாமலே அறுந்திருந்தது. நேர்ச் சாலையில் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், வளைவில் விலகும்.

பழைய டூரிங் பைக்கின் மின் கோளாறைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைச் சுற்றித்தான். கம்பெனி போட்ட ஒயரிங் தானாகக் கெடுவதைவிட, அதன் மேல் பிறகு யாரோ செய்த வேலைதான் அதிகம் படுத்தும். டூரிங் பைக் என்றாலே ஃபாக் லைட், பெரிய ஹாரன், மொபைல் சார்ஜர், ஜிபிஎஸ் டிராக்கர், ரைசர் என்று ஏதாவது ஏறியிருக்கும். விற்கும்போது அவற்றைக் கழற்றிக்கொள்வார்கள். ஒயரின் மிச்சம் மட்டும் டேங்குக்கு அடியில் கிடக்கும்.

வண்டியின் பழைய கதையைக் கேட்காமல் பாகம் மாற்றுவது

இதுதான் முதல் தவறு, பணமும் அதிகம் போவது இதில்தான். விற்றவரிடம் பேசும்போது கிலோமீட்டர், இன்சூரன்ஸ், ஆர்சி எல்லாம் கேட்கிறோம். "என்னென்ன எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் போட்டிருந்தீங்க, எதையெல்லாம் கழட்டினீங்க, ஒயர் எங்கிருந்து எடுத்தீங்க" என்று கேட்பதில்லை. வண்டி கைமாறிய பிறகும் ஒரு போன் போட்டுக் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் நேர்மையாகவே சொல்வார்கள்.

அடுத்து, ஒரு விடுமுறை நாளில் சீட், பக்கவாட்டு பேனல்கள், முடிந்தால் டேங்க்கையும் கழற்றிப் பாருங்கள். கம்பெனி ஒயர்கட்டு ஒரே மாதிரி உறையில், வரிசையாகப் போகும். அதிலிருந்து பிரிந்து, வேறு நிறத்தில், கறுப்பு டேப் சுற்றிப் போகும் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தோலைச் சீவி, முறுக்கி, டேப் ஒட்டிய ஜாயிண்ட்தான் முதல் சந்தேகத்துக்குரியது. இஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகி வழிந்து, ஒயர் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். இப்படிப்பட்ட கூடுதல் இணைப்புகள் எல்லாவற்றையும் தற்காலிகமாகப் பிரித்து, முனைகளைப் பத்திரமாக மூடிவிட்டு, ஒரு வாரம் வண்டியை ஓட்டிப் பார்ப்பது நல்லது. பாதிப் பேருக்கு இங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் நம்புகிறேன்.

"அணைஞ்சிடுது" என்று மட்டும் சொல்வது

என் விஷயத்தில் நான் செய்த பெரிய தவறு இது. இஞ்சின் அணைவதை மட்டுமே கவனித்தேன். மீட்டர் டிஸ்பிளேயும் கூடவே ஒரு நொடி அணைந்து எரிந்ததைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துச் சொல்லியிருந்தால் ஃபியூயல் பம்ப்பை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இஞ்சினோடு சேர்த்து மீட்டர், ஹெட்லைட், ஹாரன் எல்லாமே போனால், வண்டி முழுவதற்குமான கரண்ட் வரும் வழியில் எங்கோ துண்டிப்பு. அப்போது பார்க்க வேண்டியவை பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், அவற்றை இணைக்கும் ஒயர். மீட்டரும் லைட்டும் எரிந்துகொண்டிருக்க இஞ்சின் மட்டும் நின்றால் தேட வேண்டிய இடம் வேறு: இஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ஃபியூயல் பம்ப் ரிலே.

சைடு ஸ்டாண்ட் சுவிட்சைப் பலர் மறந்தே விடுகிறார்கள். அது இருப்பது சேறும் தண்ணீரும் அடிக்கும் இடத்தில். உள்ளே மண் சேர்ந்தாலோ, ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, வேகத்தடையில் குதிக்கும்போது 'ஸ்டாண்ட் போட்டிருக்கிறது' என்று வண்டி நினைத்து இஞ்சினை நிறுத்திவிடும். சோதனைக்காகச் சில நிமிடம் அந்த சுவிட்சை பைபாஸ் செய்து பார்ப்பது தவறில்லை. அப்படியே நிரந்தரமாக விட்டுவிடுவது தவறு. ஸ்டாண்டை மடக்க மறந்து இடது பக்கம் சாய்த்துத் திருப்பினால் என்ன ஆகும் என்று வண்டி ஓட்டுகிற எவருக்கும் தெரியும்.

எப்போது, எந்த வேகத்தில், மழையா வெயிலா, ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று நாலு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரைசர் போட்ட வண்டி என்றால் ஒரு எளிய சோதனை: நடு ஸ்டாண்ட் அல்லது பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் இஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை மெதுவாகத் திருப்புங்கள். இஞ்சின் சத்தம் மாறினாலோ, மீட்டர் மினுக்கினாலோ, ஒயரோ ஆக்சிலரேட்டர் கேபிளோ இழுபடுகிறது என்று அர்த்தம்.

அளக்காமல் பேட்டரி வாங்குவது

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். புது பேட்டரியோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

வண்டியை நிறுத்தி மூன்று நான்கு மணி நேரம் கழித்து பேட்டரி டெர்மினலில் அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.4 என்றால் சார்ஜ் குறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. மீட்டரை எடுக்காமலே செல்ஃப் அழுத்துங்கள். 10 வோல்ட்டை ஒட்டி இறங்கி மீள்வது இயல்பு. நன்றாக சார்ஜ் ஏற்றிய பிறகும் 9-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி உள்ளே பலவீனமாகிவிட்டது. இப்போது இஞ்சினை ஓடவிட்டு 3000, 4000 ஆர்பிஎம்மில் அளந்தால் சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 13-ஐத் தொடவே இல்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை; புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிப் போகும். 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, பேட்டரியையும் பல்புகளையும் சேர்த்துக் கெடுக்கும்.

சார்ஜ் ஏறாதபோது ரெகுலேட்டரை மாற்றுவதற்கு முன்னால், இஞ்சினிலிருந்து வரும் மூன்று ஒயர் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். பல வண்டிகளில் மூன்றும் ஒரே மஞ்சள் நிறத்தில் இருக்கும். பிளாஸ்டிக் பழுப்பேறி, உருகியிருந்தால் கோளாறு அங்கேயே இருக்கலாம். அந்த மூன்று ஒயர்களையும் இரண்டிரண்டாக, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இஞ்சின் ஓடும்போது அளந்தால் மூன்று அளவும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் இஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயில் போயிருக்கிறது. இஞ்சினை நிறுத்திவிட்டு, அதில் எந்த ஒயருக்கும் இஞ்சின் பாடிக்கும் தொடர்பு இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றும் சமமாக வந்து, பாடியிலும் தொடவில்லை என்றால்தான் சந்தேகம் ரெகுலேட்டர் பக்கம் போக வேண்டும்.

எல்லாமே சரியாக இருந்தும் பேட்டரி இறங்கும் வண்டிகள் உண்டு. இந்தியாவில் 2017 ஏப்ரலிலிருந்து புது இரு சக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்ச் கிடையாது. இஞ்சின் ஓடினால் லைட்டும் எரியும். அதன் மேல் 40 வாட் ஃபாக் லைட் இரண்டு என்றால் இன்னும் ஆறேழு ஆம்பியர். சென்னை டிராஃபிக்கில் ஐடிலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது காயில் தருவதைவிட லைட்டுகள் எடுப்பது அதிகமாகிவிடும். ஐடிலில் ஃபாக் லைட்டைப் போட்டும் அணைத்தும் வோல்ட்டைப் பாருங்கள். போட்டதும் 12.5-க்குக் கீழே இறங்கினால் நகரத்துக்குள் அந்த லைட் வேண்டாம்.

நிறுத்தி வைத்த வண்டியில் இறங்கினால் அது வேறு கதை. பேட்டரிக்கு நேராக இணைத்த டிராக்கரோ சார்ஜரோ, சாவியை எடுத்த பிறகும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். 50 மில்லி ஆம்பியர் சின்ன அளவுதான். ஆனால் 8 ஆம்பியர் ஹவர் பேட்டரியை அது 160 மணி நேரத்தில், அதாவது ஏழு நாளுக்குள், காலி செய்துவிடும். செல்ஃப் அதற்கு முன்பே கைவிட்டுவிடும். சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, டெர்மினலுக்கும் ஒயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து அளக்கலாம். வண்டியின் டிஸ்பிளேயில் உள்ள கடிகாரத்துக்குச் சில மில்லி ஆம்பியர் போவது சகஜம். அதிகமாகக் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது மட்டும் செல்ஃபைத் தொட்டுவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

எர்த்தை மறப்பது

இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மினுக்குகிறது, ஹாரன் அடித்தால் மீட்டர் முள் துள்ளுகிறது, பிரேக் பிடித்தால் சம்பந்தமே இல்லாத விளக்கு லேசாக எரிகிறது. இப்படி ஒன்றோடொன்று பொருந்தாத அறிகுறிகள் வந்தால், பத்து பாகங்களைச் சந்தேகிக்காமல் எர்த்தைப் பாருங்கள். திரும்பிப் போக நல்ல வழி கிடைக்காத கரண்ட், கிடைத்த வழியில் எல்லாம் போகப் பார்க்கும்.

விழுந்து எழுந்து, சேஸிஸுக்குப் புதுப் பெயிண்ட் அடித்த வண்டிகளில் இது அதிகம். எர்த் ஒயரின் வளையத்தைப் பெயிண்டின் மேலேயே வைத்து முடுக்கியிருப்பார்கள். போல்ட் இறுக்கமாக இருக்கும், தொடர்பு மட்டும் இருக்காது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை இஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து செல்ஃப் அழுத்துங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் மின்னும் வரை தேய்த்து, மறுபடி முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். அரை மணி நேர வேலை.

பழைய பழக்கத்தில் செய்யும் ஆபத்தான சோதனைகள்

இஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி ஓடுதா, அப்போ சார்ஜ் வருது" என்று பார்ப்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இதை யாரும் செய்ய அனுமதிக்காதீர்கள். பேட்டரி இல்லாதபோது வோல்ட் திடீரென்று எகிறி, இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவையே கருக்கிவிடலாம். அதை மாற்றும் செலவு சின்னது அல்ல. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். காரிலிருந்து ஜம்ப் கொடுக்க வேண்டி வந்தால் கார் இஞ்சின் அணைந்தே இருக்கட்டும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 10 ஆம்பியர் இடத்தில் 20 போடுவதும், செப்புக் கம்பி சுற்றுவதும் வண்டியைக் கொளுத்தும் வேலை. ஃபியூஸ் தாங்கும், ஒயர் தாங்காது. அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகிற ஒயர்.

வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை சுவிட்சுக்கும் கனெக்டருக்கும் நேராகப் பிடிக்க விடாதீர்கள். ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று கடலோரம் சுற்றிய வண்டியாக இருந்தால், கனெக்டர்களைப் பிரித்து பச்சை பூத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலர்ந்ததும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் பூசினால் போதும்.

எல்இடி இண்டிகேட்டர் மாற்றிய வண்டியில் அது படபடவென்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் கோளாறு இல்லை. பழைய ரிலே 10 வாட் பல்புக்காகச் செய்தது. எல்இடிக்கான ரிலே போட்டால் சரியாகும்.

சாவி போட்டதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு, வண்டி சற்று வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். அதைப் பார்த்து நின்ற இடத்திலேயே பயப்பட வேண்டாம். ஓடும்போதும் எரிந்தால், சென்சாரை மாற்றச் சொல்வதற்கு முன் பேட்டரி வோல்ட்டை அளந்துவிடுங்கள். வோல்ட் குறைந்தாலும் அந்த விளக்கு எரியும். செக் இஞ்சின் விளக்குக்கு ஸ்கேனர் போட்டால், அது காட்டும் கோளாறு எண்ணை எழுதி வாங்கிய பிறகே அழிக்கச் சொல்லுங்கள். அழித்துவிட்டால் தேடுவதற்கு இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

என் வண்டியில் அறுந்த ஒயரை வெட்டி, அதே தடிமனில் ஒரு சாண் நீளம் சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடினோம். ஜாயிண்ட் வளைகிற இடத்தில் வராமல் தள்ளி வைத்தோம். ரைசரைக் கழற்றவில்லை, எனக்கும் அந்த உயரம் வசதியாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதமே மறுபடி காரவள்ளி வழியாக ஏறினேன். ஒவ்வொரு இடது வளைவிலும் கண் ஒரு கணம் மீட்டருக்குப் போய்த் திரும்பியது. 70 வளைவும் முடிந்து செம்மேட்டில் டீக்கடை முன்னால் நிறுத்தும் வரை டிஸ்பிளே ஒருமுறைகூட மினுக்கவில்லை.