செல் தாளில் ஐந்து நொடி: டிவி கார்ட்டூன் கூடங்களின் பழைய வேலைமுறை

அரசுப் படப்பிரிவான ஃபிலெம் நெகாரா மலேசியாவில் ஆனந்தம் சேவியர் உருவாக்கிய ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’ என்ற கார்ட்டூன் குறும்படம் 1978இல் முடிந்தது. கணினி அதில் இல்லை. 1990களில் நம் நாட்டில் கார்ட்டூன் தொடர்கள் வரத் தொடங்கியபோதும் உலகின் பெரும்பாலான டிவி கூடங்களில் அதே வழிதான்: தாளில் பென்சில், ‘செல்’ எனப்படும் கண்ணாடித் தாளில் கோடு, பின்புறத்தில் பெயின்ட், மேலிருந்து கீழே பார்க்கும் கேமரா. அந்த முறையில் ஐந்து நொடிக் காட்சி ஒன்றைக் கோலாலம்பூரில் வீட்டு மேசையிலேயே செய்து முடிக்கலாம். கீழே உள்ளது ஒருவர் நின்று பேசும் காட்சிக்கான வழி. நடை, ஓட்டம் எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு

மலேசிய டிவி பால் (PAL) முறையில் ஓடியது, அதாவது நொடிக்கு 25 ஃபிரேம். சினிமா ஃபிலிம் 24. 24க்கு எடுத்ததை 25இல் ஓட்டினால் வேகம் 4 சதவீதம் கூடும், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். ஆகவே முதலிலேயே 25 என்று முடிவு செய்துவிடுங்கள். ஐந்து நொடி என்றால் 125 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்துவது வழக்கம். அப்படியும் 63 படம் ஆகிறது.

முழு ஆளையும் 63 முறை வரைந்து பெயின்ட் அடிக்க டிவி பட்ஜெட்டில் இடமில்லை. ஆளைப் பிரித்துப்போட்டார்கள். உடம்பும் முகமும் சேர்ந்து ஒரு செல், அது அடி அடுக்கு. அதன்மேல் கை, மூன்று செல். அதன்மேல் வாய், ஏழு செல். உச்சியில் கண் இமை, பாதி மூடியது ஒன்று, முழுக்க மூடியது ஒன்று. திறந்த கண்ணை முகத்திலேயே வரைந்துவிடுங்கள். இதோடு எதுவும் வரையாத வெற்றுச் செல் ஒன்று. மொத்தம் 14 செல்லில் காட்சி முடிந்தது.

பேசும்போது தலையை அசைக்காதீர்கள். தலை ஒரு விரல் சாய்ந்தாலும் வாயின் இடம் மாறும். அந்த நிலைக்கென்று இன்னொரு ஏழு வாய் வரைய வேண்டியிருக்கும். பழைய கார்ட்டூன்களில் ஆள் பேசி முடித்த பிறகே தலையைத் திருப்புவதற்கு இதுதான் காரணம்.

எக்ஸ் ஷீட்

எக்ஸ்போஷர் ஷீட், சுருக்கமாக எக்ஸ் ஷீட், இந்த வேலை முழுவதையும் நடத்துகிற தாள். ஒரு வரி ஒரு ஃபிரேம். ஒரு பத்தியில் வசனம், அடுத்தடுத்த பத்திகளில் அடுக்குகள், கடைசிப் பத்தியில் கேமராவுக்கான குறிப்பு. வரைபவர், பெயின்ட் அடிப்பவர், கேமராக்காரர் மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே வேலை செய்ய முடிந்தது இந்தத் தாளால்தான். இதை எழுதி முடிக்காமல் பென்சிலைத் தொடாதீர்கள்.

குரலைப் போனில் பதிவு செய்து ஆடாசிட்டியில் திறந்து, நேரக் காட்டியை பால் 25 ஃபிரேம் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு ஒலியும் எத்தனையாவது ஃபிரேமில் விழுகிறது என்று காது கொடுத்துக் குறியுங்கள். ‘அம்மா வந்தாச்சு’ என்ற வசனம் நிதானமாகச் சொன்னால் ஏறத்தாழ இப்படி வரும்: அ 1 முதல் 3, ம் 4 முதல் 7, மா 8 முதல் 13, வ 14, 15, ந் 16, 17, தா 18 முதல் 23, ச் 24, 25, சு 26 முதல் 30.

ஏழு வாய் என்றேன் அல்லவா, தமிழுக்கு அவை இவை: மூடிய வாய் ம, ப இரண்டுக்கும். முழுக்கத் திறந்தது ஆவுக்கு. பாதி திறந்தது அ, எவுக்கு. பக்கவாட்டில் இழுத்தது இ, ஈ, சவுக்கு. குவிந்தது உ, ஓவுக்கு. கீழுதடு மேல்பல்லைத் தொடுவது வவுக்கு. நாக்குத் தெரிவது த, ந, லவுக்கு. ஆங்கிலக் கார்ட்டூன்களின் வாய் அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டால் ஓர் இடத்தில் நிச்சயம் சறுக்கும். ‘வந்தாச்சு’வின் கடைசி ‘சு’ குற்றியலுகரம். அதைச் சொல்லும்போது உதடு குவிவதில்லை. அங்கே குவிந்த வாயை வைத்தால் ஆள் வேறு ஏதோ மொழி பேசுவது போலத் தெரியும். பாதி திறந்த வாயை வையுங்கள். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாய்ப்படம் ஒலிக்கு ஒன்று அல்லது இரண்டு ஃபிரேம் முன்னால் இருக்கட்டும். பின்னால் விழுந்தால் கண் உடனே கண்டுபிடிக்கும். மூடிய வாய்க்குக் குறைந்தது இரண்டு ஃபிரேம் வேண்டும். ஒரு ஃபிரேமில் அது கண்ணில் படாது. வசனம் வேகமாக ஓடினால் எல்லா ஒலியையும் திணிக்காமல் சிலவற்றை விட்டுவிடுங்கள். முதலில் விட வேண்டியது வ, அடுத்து ந. ம, ப இரண்டையும் எந்த அவசரத்திலும் விடக்கூடாது.

பெக் பார்

எல்லாத் தாளையும் நகராமல் ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் முளைப் பட்டிதான் பெக் பார். கூடங்களில் ஆக்மி வகை இருந்தது. நடுவில் கால் அங்குல உருண்டை முளை, இரு பக்கமும் நான்கு அங்குலத் தொலைவில் அரை அங்குல நீளத் தட்டை முளை. நமக்கு அலுவலக இரட்டை ஓட்டை பஞ்ச் போதும். அதன் ஓட்டைகளுக்கிடையே 80 மி.மீ. இருக்கும். தட்டையான மரப்பட்டியில் அதே இடைவெளியில் 6 மி.மீ. உருண்டைக் குச்சிகள் இரண்டை ஒட்டுங்கள். இறுக்கமாக இருந்தால் மணல்தாளால் தேய்க்கலாம். தளர்வாக இருந்தால் குச்சியை மாற்றுங்கள், ஏனென்றால் அரை மி.மீ. ஆட்டம்கூடத் திரையில் நடுக்கமாகத் தெரியும். எல்லாத் தாளுக்கும் ஒரே பஞ்ச், தாள் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

வரைவதும் நகலெடுப்பதும்

நீலப் பென்சிலில் கரடாக வரைந்து, புதுத் தாளில் கறுப்பால் சுத்தமாக எழுதுங்கள். கோடுகள் எங்கும் திறந்திருக்கக்கூடாது. இடைவெளி விட்ட இடத்தில் பெயின்ட் அடிப்பவருக்கு எல்லை தெரியாது.

1950களின் கடைசியில் டிஸ்னி கூடத்தில் அப் ஐவர்க்ஸ் ஜெராக்ஸ் முறையைச் செல்லுக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஒவ்வொரு கோட்டையும் கையால் மை போட்டு ஏற்ற வேண்டியிருந்தது. இன்று பிரிக்ஃபீல்ட்ஸ் போட்டோஸ்டேட் கடை ஒன்றில் ஓஎச்பி தாளில், அதாவது புரொஜெக்டருக்கான கண்ணாடித் தாளில், நகலெடுத்தால் அதே வேலை ஆகிறது. லேசர் இயந்திரத்துக்கான தாள்தானா என்று அட்டையைப் படித்துவிட்டுக் கொடுங்கள். இங்க்ஜெட் தாள் உள்ளே சூட்டில் உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும், கடைக்காரருக்குப் பெரிய நஷ்டம்.

நகல் இயந்திரம் தாளைச் சற்றுச் சாய்க்கும், அளவையும் இம்மி மாற்றும். இதனால் முன்கூட்டியே பஞ்ச் அடித்த ஓஎச்பி தாள் பொருந்தாது. மூலத் தாளின் நான்கு மூலைகளிலும் சிறு கூட்டல் குறி போடுங்கள். நகலான பிறகு, அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸில் குறியின் மேல் குறி வைத்து, நாடாவால் ஒட்டி, அதன்பிறகு பஞ்ச் அடியுங்கள்.

பெயின்ட்

கோடு இருக்கும் பக்கத்தைக் கீழே திருப்பி, மறுபுறத்தில் அடிக்க வேண்டும். இதில் ஒழுங்கு தலைகீழ். முன்னாலிருந்து பார்க்கும்போது முதலில் அடித்ததுதான் தெரியும். முதலில் கண்மணி, அடுத்து கண்ணின் வெள்ளை, கடைசியில் தோல். அடுத்த நிறம் முந்தியதன்மேல் கொஞ்சம் ஏறினாலும் கவலையில்லை.

அக்ரிலிக் பெயின்ட் வாங்குங்கள். போஸ்டர் கலர் காய்ந்ததும் செல்லை வளைத்தால் வெடித்து உதிரும். பதம் தோசை மாவு அளவு. தூரிகையால் தேய்க்காமல், ஒரு துளியை நடுவில் விட்டு அதைக் கோடு வரை தள்ளிக்கொண்டே போங்கள். தேய்த்தால் கோடு கோடாகத் தெரியும், விளக்கு வெளிச்சத்தில் ஓட்டை ஓட்டையாகவும் தெரியும். பெயின்ட் ஒதுங்கிப் பிரிகிறது என்றால் விரல் எண்ணெய் பட்டிருக்கிறது. பருத்திக் கையுறை போடுங்கள், பெயின்ட் பக்கத்தை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அசிட்டோன் வேண்டாம், கோட்டையே கரைத்துவிடும்.

தோல் நிறம் தனிக் கவனம் கேட்கும். எந்தச் செல்லும் முழுத் தெளிவு அல்ல. ஒவ்வொன்றும் அடியிலிருப்பதைக் கொஞ்சம் மங்கலாக்கும். முகத்தின்மேல் மூன்று செல், கையின்மேல் இரண்டு, இமையின்மேல் ஒன்றுமில்லை. ஒரே டப்பாவிலிருந்து மூன்றையும் அடித்தால், கண் சிமிட்டும்போதெல்லாம் இமை வெளிறித் தெரியும். மேல் அடுக்குக்கு ஒரு கலவை, அடுத்ததற்கு அதில் ஒரு சொட்டு வெள்ளை, அடி அடுக்குக்கு இன்னும் ஒரு சொட்டு. சிறு துண்டுகளில் அடித்து, அடுக்கி, போனில் படமெடுத்து ஒப்பிட்ட பிறகே உண்மையான செல்லைத் தொடுங்கள். கூடங்களில் ஒவ்வொரு அடுக்குக்கும் எண் போட்ட தனி டப்பா வைத்திருந்ததும் இதற்காகவே.

நம் ஊர் ஈரப்பதத்தில் அக்ரிலிக் மேலே காய்ந்தாலும் உள்ளே பிசுபிசுக்கும். மின்விசிறிக்கடியில் தட்டையாக ஒரு நாள் முழுக்க வையுங்கள். அதன் பிறகும் ஒன்றன்மேல் ஒன்று நேராக அடுக்கக்கூடாது. இடையில் கேக் சுடும்போது தட்டில் போடும் பேக்கிங் தாள் வேண்டும். இல்லையென்றால் பிரிக்கும்போது ஒன்றின் முகம் மற்றொன்றின் முதுகில் போய்விடும்.

படமெடுப்பது

பின்னணி, நான்கு அடுக்கு, அதன்மேல் 5 மி.மீ. கண்ணாடி. போனை நேர் மேலே நிறுத்தி ஃபோகஸ், வெளிச்சம், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டுங்கள். இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு. லென்ஸுக்கு மட்டும் துளையிட்ட கறுப்பு அட்டையைப் போனுக்குக் கீழே பிடித்தால் கண்ணாடியில் போனின் பிம்பம் விழாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள், விளக்கின் துடிப்பு பதியாது.

எந்த ஃபிரேமிலும் நான்கு செல் இருக்க வேண்டும். இமை தேவையில்லாதபோது அந்த இடத்தில் வெற்றுச் செல். மூன்றாகக் குறைந்த கணத்தில் படம் முழுவதும் பளிச்சென்று ஒரு துள்ளு துள்ளும். வானவில் வளையங்கள் தெரிந்தால் கண்ணாடியைத் தூக்கி மெதுவாகத் திரும்ப வையுங்கள், அதிகம் அழுத்துவதால் வருவது அது. ஏர்கான் அறையில் செல் தூசியை இழுக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் இன்னும் இழுக்கும். ஊதுபந்தால் ஊதிவிடுங்கள்.

எடுத்து முடித்த வரியை எக்ஸ் ஷீட்டில் பென்சிலால் அடித்துக்கொண்டே வாருங்கள். ஃபிலிம் காலத்தில் கழுவி வந்த பிறகுதான் தவறு தெரியும், காட்சி முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டும். போனில் உடனே பார்க்கலாம் என்றாலும், 80ஆவது ஃபிரேமில் ஒரு வரி தாண்டினால் அதற்குப் பின்னுள்ள வாய் எல்லாம் குரலைவிட்டு நழுவிவிடும்.