பின் ஷாக் அப்சார்பர் ரீகால்: மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நெடும்பயணத்துக்கென்றே வடிவமைத்த தனது ஆர் 1200 ஆர்டி மோட்டார் சைக்கிளின் உரிமையாளர்களுக்கு பி.எம்.டபிள்யூ நிறுவனம் ஓர் அறிவிப்பை அனுப்பியது. டைனமிக் ஈ.எஸ்.ஏ. என்னும் மின்னணு சஸ்பென்ஷன் பொருத்திய 2014 மாடல் வண்டிகளில் பின் ஷாக்கின், அதாவது பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பரின், பிஸ்டன் ராட் (உள்ளே ஏறி இறங்கும் உலோகத் தண்டு) முறியக்கூடும் என்பதால், மறு அறிவிப்பு வரும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். குறையுள்ள வண்டியை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்வதைத்தான் ரீகால் என்கிறார்கள். நீர்க்குளிர்வு எஞ்சினுடன் அந்த மாடல் சந்தைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடைப் பயணக் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பின் ஷாக் தொடர்பாக வண்டிக்காரர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலானவற்றை இந்த ஒரு நிகழ்வை வைத்தே விளக்கிவிடலாம்.

முதல் தவறு, தேய்மானத்தையும் உற்பத்திக் குறையையும் ஒன்றாகக் கருதுவது. வயதான ஷாக் மெதுவாகத்தான் கெடும். சீல் வழியே ஆயில் கசிந்து ராடின் மீது தூசி ஒட்டும். பள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டி இரண்டு மூன்று முறை ஆடிய பிறகே நிலைகொள்ளும். பின்னிருக்கையை அழுத்திவிட்டால் சட்டென்று மேலே துள்ளும். இந்த அறிகுறிகளைப் பார்த்து, அடுத்த சர்வீசில் மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டமிட நமக்கு நேரம் கிடைக்கும். உலோக ராட் முறிவது அப்படிப்பட்டதன்று. கண்ணுக்குத் தெரியாத விரிசல் வளர்ந்து, வண்டி எந்தக் குறையும் காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது ஒரு நொடியில் முறியலாம். ஆர் 1200 ஆர்டியில் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒற்றைக்கை ஸ்விங் ஆர்மைத் தாங்குவது ஒரே ஒரு ஷாக் என்பதால், ராட் போனால் பின்பாரத்தைத் தாங்க வேறெதுவும் இல்லை. அதனால், “ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை. ஓட்ட வேண்டாம் என்று அறிவிப்பு வந்த வண்டியை ‘மெதுவாகத்தானே போகிறேன்’ என்று சர்வீஸ் சென்டர் வரை ஓட்டிச் செல்வதும் இதே தவறின் இன்னொரு முகம்தான். அதை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஏற்றிச் செல்லும் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, மாடல் பெயரை வைத்து முடிவு செய்வது. ரீகால் ஒரு மாடலின் எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது, நம் வண்டிக்குப் பொருந்தாது என்று ஊகிக்கவும் முடியாது. எந்தக் காலத்தில் தயாரானது, எந்தப் பாகம் பொருத்தப்பட்டது என்பதைப் பொறுத்து அது அமைகிறது. 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சேசிஸ் நம்பரைக் கொடுத்துச் சரிபார்ப்பதே உறுதியான வழி. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்திலேயே இதைப் பார்க்க முடியும். பழைய வண்டி வாங்குபவர்கள் இதில் கூடுதல் கவனம் காட்ட வேண்டும். கடிதம் முந்தைய உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கும், அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வண்டியை விற்றிருப்பார்.

ரீகால் வேலைக்குத் தாமே பணம் கட்டுவது இன்னொரு தவறு. அமெரிக்கச் சட்டப்படி, முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் வரும் பாதுகாப்பு ரீகாலை நிறுவனம் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ரீகால் வருவதற்கு முன்பே அதே குறைக்காகச் செலவு செய்தவர்களுக்கும் பணத்தைத் திரும்பக் கேட்க வழியுண்டு என்பதால், பில்லைப் பத்திரப்படுத்துவது அவசியம். இந்தியாவில் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கிறது. ஆர்டி விவகாரத்தில் புதிய ஷாக் வரும்வரை மாற்று வண்டி, இழப்பீட்டுத் தொகை, வண்டியையே திருப்பிக் கொடுத்தல் எனச் சில வழிகள் அமெரிக்க உரிமையாளர்கள் முன் வைக்கப்பட்டன. ஷோரூமில் முதலில் சொன்னதை ஏற்றுத் தலையாட்டிவிட்டு வருபவருக்கு இத்தகைய வழிகள் இருப்பதே தெரியாமல் போகும்.

சிலர் ரீகாலைப் பொருட்படுத்தாமல், எப்படியும் இதைவிட நல்ல ஷாக் வாங்கப் போகிறோம் என்று வேறு நிறுவனத்தின் ஷாக்கை மாட்டிவிடுகிறார்கள். தரமான ஷாக்கைத் தேர்ந்தெடுத்தால் அது மோசமான முடிவாகிவிடாது. ஆனால் நிறுவனத்தின் பதிவேட்டில் ரீகால் முடியாமலே நிற்கும். வண்டியை விற்கும்போது அது கேள்வியாக எழும். அதைவிட மோசம், கழற்றிய பழைய ஷாக்கைக் குறைந்த விலைக்கு விற்பது. முறியக்கூடிய ராட் அடுத்தவர் வண்டிக்கு இடம்பெயர்கிறது, அவ்வளவுதான். இதை வெறும் அலட்சியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பழைய உதிரிபாகச் சந்தையில் ஷாக் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்காததற்கு இதுவே முதற்காரணம்.

தேய்ந்துபோன ஷாக்கைப் பிரித்து ரீபில்ட் செய்வது சிக்கனமான வழிதான். சீல், ஆயில், புஷ் மாற்றினால் டேம்பிங், அதாவது ஆட்டத்தை அடக்கும் திறன், பழையபடி திரும்பும். ஆனால் உள்ளே நைட்ரஜன் உயர் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் அதை வீட்டில் திறக்கவே கூடாது. ராடில் குறை இருப்பதாக ரீகால் செய்யப்பட்ட ஷாக்கை ரீபில்ட் செய்வதில் பொருளே இல்லை.

புதிய ஷாக் வாங்கும்போது பெரும்பாலோர் விலையையும் நிறத்தையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கின் விறைப்பும் ஷாக்கின் நீளமும்தான். ஆர்டியின் எடை 274 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 495 கிலோ. தனியாக ஓட்டும் 60 கிலோக்காரருக்கும், துணையோடும் நிறைந்த பெட்டிகளோடும் கிளம்பும் 100 கிலோக்காரருக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தாது. மென்மையான ஸ்பிரிங்கை பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) ஏற்றிச் சமாளிக்கலாம் என்று நினைப்பது தவறு; பிரீலோட் வண்டி நிற்கும் உயரத்தை மாற்றுமே தவிர, ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டாது. ஓட்டுபவர் முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்தால் பின்பகுதி, பின்சக்கரத்தின் மொத்த மேல்கீழ் அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாழ வேண்டும். 136 மில்லிமீட்டர் அசைவுள்ள ஆர்டியில் அது 45 மில்லிமீட்டர் அளவில் வரும். பிரீலோடை முழுக்க ஏற்றியும் இந்த அளவு கிடைக்காவிட்டால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். ஷாக்கின் நீளம் சில மில்லிமீட்டர் கூடினாலும் பின்பகுதி உயர்ந்து முன் ஃபோர்க்கின் சாய்வு குறையும்; வண்டி திரும்புவது கூர்மையாகி, நேராக ஓடும்போதுள்ள நிதானம் குறையும்.

மின்னணு சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் சாதாரண ஷாக்கை மாட்டினால், கட்டுப்பாட்டுப் பெட்டி தேடும் வால்வும் மோட்டாரும் கிடைக்காமல் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். ஈ.எஸ்.ஏ.வோடு இணைந்து வேலை செய்யும் ஷாக்கா, இல்லையெனில் அதற்குரிய இணைப்பான் கூடவே வருமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரட்டை ஷாக் வண்டிகளில் கசியும் ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் ஒரே மாதிரி டேம்ப் செய்யாது.

பொருத்தும்போது போல்ட்டைக் கைக்கணக்கில் முறுக்காமல், கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முறுக்க வேண்டும். புதிய ஸ்பிரிங் சிறிது அமர்ந்துகொள்ளும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பின்பகுதி தாழும் அளவை மறுபடியும் அளந்து பிரீலோடைத் திருத்த வேண்டும். அப்போதே போல்ட்டின் இறுக்கத்தையும் பார்த்துவிடலாம்.